யானைத் தீவா, எறும்புத் தீவா

கடைத்தெரு முனையில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது அந்த மூக்குக் கண்ணாடிக் கடை. உள்ளே ஒருவர் இருந்தால் அவர் வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் நுழைய முடியும். அதன் சொந்தக்காரியைத் தெருவே கண்ணாடியக்கா என்று கூப்பிடும். நாற்பத்தொன்பது வயது. கண் சோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, மூக்கில் வழுக்குகிறது, காதில் அறுக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவள் ஒருத்திதான். தெருவில் நடக்கும்போதும் தொழில் அவளை விடாது. எதிரே வருகிறவர் கைபேசியை எவ்வளவு தள்ளிப் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பாள். இவருக்கு ஒன்றரை, அந்தம்மாவுக்கு இரண்டு என்று மனதுக்குள் பவர் போட்டுக்கொண்டே போவாள். பெரும்பாலும் தப்பாது.

அவள் கடலுக்கு அடியில் போகிறவளாக ஆனது ஒரு வாடிக்கையாளரால். ஐந்து வருடங்களுக்கு முன்னால், கடலடியில் நீந்தக் கற்றுத் தரும் ஒரு ஸ்கூபா மாஸ்டர் தன் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாத ஆள். அந்த மாஸ்க்குக்குள்ளேயே பவர் லென்ஸ் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். நான்கு கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். முடியாது என்று நான்கு பேர் சொன்ன வேலை என்றால் அவளுக்குக் கை பரபரக்கும். செய்து கொடுத்தாள். அடுத்த வாரம் மனிதர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"அக்கா, பதினோரு வருஷமா டைவ் பண்றேன். மீனுக்கு மூஞ்சி இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. நீங்க ஒரு தடவை தண்ணிக்குள்ள வந்தே ஆகணும். ஆனா ரெண்டு பேரா வரணும். துணையில்லாம யாரையும் உள்ள விடமாட்டோம்."

வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நான் குளிக்கிற வாளியையே தள்ளி நின்னு எட்டிப் பாக்கிற ஆளு. என்னை விட்டுடு" என்று கைகூப்பிவிட்டார்.

அப்போதுதான் மாடி வீட்டிலிருந்து குரல் வந்தது. "நான் வரேன், அண்ணி."

மாடியில் இருந்தது வாத்தியாரின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தன் பக்கத்து பிரேக்கை அவள் மிதிக்கிற மிதியில், படிக்க வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. அண்ணிக்கும் அவளுக்கும் இருபத்திரண்டு வருட உறவு. வயதில் நாத்தனார் ஒரு வருடம் மூத்தவள். முறையில் அண்ணி மூத்தவள். ஆகவே இரண்டு பேரும் ஒருவரையொருவர் "நீங்க, வாங்க" என்றுதான் பேசிக்கொள்வார்கள். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். நாத்தனார் வந்து கதவு மணியை அடித்தால் கண்ணாடியக்கா முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் திறப்பாள். அவ்வளவுதான்.

நீச்சல் குளத்தில் ஆரம்பித்து, பிறகு நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த கடலுக்குப் போய், இருவரும் சேர்ந்து நாற்பத்தோரு டைவ் முடித்துவிட்டார்கள். அதன் ரகசியம் எளிதானது. தண்ணீருக்கு அடியில் பேச முடியாது. நாற்பது நிமிடம் வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் மிதந்தால் எப்பேர்ப்பட்ட நாத்தனாரும் நல்லவளாகிவிடுவாள். மேலே வந்து குழாயை எடுத்ததும்தான் பழைய கதை.

இப்படியிருக்க, அந்த வருடம் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். ஏழு நாள் படகிலேயே தங்கி டைவ் பண்ணும் பயணம். படகிலேயே தூக்கம், படகிலேயே சாப்பாடு, கண் விழித்தால் கடல், ஒரு நாளைக்கு நான்கு முறை உள்ளே குதிக்கலாம். இரண்டு இடங்களுக்குப் படகு இருக்கிறது. ஒன்றைத்தான் எடுக்க முடியும். இருவருக்கும் கிடைப்பது அந்த ஒரு வார லீவுதான். இரண்டு பட அட்டைகளையும் கடையின் மேஜையில் வைத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

முதல் தீவுக் கூட்டம் நடுக்கடலில் இருந்தது. நீரோட்டம் ஆற்று வெள்ளம் மாதிரி ஓடும். பாறையில் கொக்கியை மாட்டிக்கொண்டு கொடிபோலப் பறந்தபடி பார்க்க வேண்டும். கூட்டம் கூட்டமாகச் சுறா வரும். இந்தக் கடையை விட அகலமான திருக்கை தலைக்கு மேல் போகும்.

இரண்டாவது, அமைதியான விரிகுடாவைச் சுற்றியிருந்த தீவுகள். அங்கே எல்லாமே பொடி. அரிசி அளவு கடற்குதிரை, சட்டைப் பொத்தான் அளவு நண்டு, யாரோ உட்கார்ந்து புள்ளி வைத்த மாதிரி வண்ண வண்ண நத்தைகள். ஓர் அடி இடத்தில் ஒரு மணி நேரம் தேடலாம்.

"யானைத் தீவு, எறும்புத் தீவு" என்று வாத்தியார் பெயர் வைத்துவிட்டார். வீட்டில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை.

"எறும்பு பாக்கவா ஏழு நாள் போகணும்? சமையல்கட்டுல சர்க்கரை டப்பாவைத் திறந்தா தெரியப்போகுது" என்றாள் நாத்தனார்.

"பெரிசா இருந்தா ஒசத்தியா? லாரியும்தான் பெரிசா இருக்கு. அதை ரோட்டோரமா நின்னு பாத்துட்டு வரலாமே" என்றாள் அண்ணி.

"லாரி ஓட்டிப் பாத்தா தெரியும் அதோட அழகு."

வாத்தியார் தாளில் கோடு போட்டு, இந்தப் பக்கம் யானை, அந்தப் பக்கம் எறும்பு என்று நன்மை தீமை எழுதினார். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்து நின்றது. நாணயம் சுண்டலாமா என்று கேட்டதற்கு, "அண்ணா, உன் சட்டைப்பை நாணயத்துக்கு என் லீவைப் பத்தி என்ன தெரியும்?" என்று தங்கை ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

கண்ணாடியக்காவுக்கு இன்னொரு கோபமும் உள்ளே இருந்தது. இரண்டு வருடம் முன்பு கடலடியில் ஒரு பவளக் கிளையின் இடுக்கில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு குட்டி இறாலைக் கண்டுபிடித்து, நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவளோ ஒரு கணம் பார்த்துவிட்டு, 'சரி' என்று விரலை வளைத்துக் காட்டிவிட்டு நீந்திப் போய்விட்டாள். அதைப் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்தபோதும் நான்கு பக்கத்தை ஒன்றாகப் புரட்டி, "நல்லாருக்கு" என்று மூடி வைத்தாள். நான் காட்டினால் மட்டும் அவளுக்கு எதுவும் கண்ணில் படாது என்று அண்ணி மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

மாதக் கடைசி வந்தது. துணையில்லாமல் டைவ் கிடையாது. துணை யானைப் பக்கம் நிற்கிறது. கண்ணாடியக்கா விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்த வாரம் முழுவதும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக ஓட்டினாள். அவள் வெளியே சொல்லாத விஷயம் ஒன்றும் இருந்தது. அந்த நீரோட்டத்தை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

மாஸ்டரிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "யானைப் படகுல ஐம்பது டைவ் முடிச்சவங்களைத்தான் ஏத்துவாங்க அக்கா. உங்களுக்கு நாப்பத்தொண்ணுதான் ஆகுது. இப்ப கடல் சரியில்ல. குவாரில ஒம்பது போட்டுடலாம்."

ஊருக்கு வெளியே தண்ணீர் நிரம்பிக் கிடந்த பழைய கல் குவாரி அது. பச்சைத் தண்ணீர். நான்கு கை தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. பழக வருகிறவர்களுக்காக ஒரு பழைய வேனைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாத்தனாரின் டிரைவிங் ஸ்கூல் காரில் இருவரும் போனார்கள்.

மூன்றாவது டைவில் அது நடந்தது. பதினான்கு மீட்டர் ஆழத்தில் கண்ணாடியக்கா, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் தன் மீட்டரைப் பார்த்தாள். காற்று தொண்ணூறு. உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டி, உனக்கு எவ்வளவு என்று கேட்டாள். நாத்தனார் தன் மீட்டரைத் தூக்கிப் பார்த்தாள், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், பிறகு விரல்களால் நூற்றிருபது என்று கம்பீரமாகக் காட்டினாள்.

கண்ணாடியக்காவுக்கு இடித்தது. நாத்தனார் காற்றை இழுக்கிற இழுப்பு ஊரறிந்தது. எப்போதும் அவள் சிலிண்டர்தான் முதலில் தீரும். எட்டி அந்த மீட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். குவாரிக்காரர்கள் வாடகைக்குக் கொடுத்த மீட்டர் அது. கடலில் இருந்ததைப் போலப் பெரிய முள் இல்லை; சின்னச் சின்ன எண்கள்தான். ஐம்பத்தைந்து என்று காட்டியது. ஐம்பதைத் தொட்டால் மேலே கிளம்பியாக வேண்டும்.

கட்டைவிரலைத் தூக்கினாள். மேலே. விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, கையைப் பிடித்தபடியே மேலே வந்தார்கள்.

"என்னத்தைப் பாத்து நூத்திருபதுன்னு காட்டினீங்க?"

"மீட்டரைப் பாத்துதான். கீழ வெளிச்சமில்ல அண்ணி. மீட்டரும் சரியில்ல."

"வெளிச்சமுமில்ல, மீட்டருமில்ல. உனக்குக் கண்ணு தெரியல!"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் 'உனக்கு.' சொன்னவளும் கேட்டவளும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றத் தொடங்கினார்கள். கரையில் நின்ற மாஸ்டர், காலி சிலிண்டரை வேறு எங்கோ வைக்க வேண்டும் என்பதுபோல நகர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது நாத்தனார் காரை விரட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடியக்கா இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாள், பயனில்லை. அப்போது அவள் கால் எதிலோ பட்டது. டிரைவிங் ஸ்கூல் கார் ஆயிற்றே, பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. சாலை காலியாக இருந்தது. ஒரு மரத்தடி வந்ததும் மெதுவாக, ஆனால் உறுதியாக, அதை மிதித்தாள். கார் ஓரமாகப் போய் நின்றது.

நாத்தனார் திகைத்துப்போய்த் திரும்பினாள். பத்தொன்பது வருடத் தொழிலில் அவளுக்கு இன்னொருவர் பிரேக் போட்டது கிடையாது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் அண்ணி.

ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பதில் வந்தது. "மூணு வருஷம் இருக்கும். தூரத்துல ஊசி விழுந்தாலும் தெரியுது அண்ணி. கிட்ட வந்தாதான் எல்லாம் பஞ்சாயிடுது."

"அது வெள்ளெழுத்து. நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் வர்றது. எனக்கும் இருக்கு. என் மாஸ்க்ல ஒட்டியிருக்கே, பாத்ததில்ல?"

"கிட்ட இருக்கிறதுதான் தெரியலன்னு சொல்றேனே!"

கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். "நம்ம கடை இருக்கு. வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி வர்றது? டிரைவிங் கத்துக்குடுக்கிறவளுக்கே கண்ணு தெரியலன்னு ஒருத்தன் சொன்னா போதும், ஸ்கூலை மூட வேண்டியதுதான். அதுவும் போகட்டும். அந்த நாற்காலில நான் உக்காந்து தப்புத் தப்பா படிக்க, நீங்க மேல நின்னு பாக்க... அண்ணன் பொண்டாட்டி முன்னாடி ஃபெயிலாக என்னால முடியாது."

"கண் டெஸ்ட்ல யாரும் ஃபெயிலாக மாட்டாங்க. தப்பா படிச்சாதான் எனக்கு வேலையே."

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு ஒரு எறா காட்டினீங்களே. அது எங்க இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஆல்பமும் அப்படித்தான். பெரிசா வந்தாதானே அண்ணி எனக்கு எதாவது தெரியும்?"

மனதிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது மட்டுமல்ல, கண்ணாடியக்காவுக்கு வெட்கமாகவும் போய்விட்டது. தெருவில் போகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பவர் சொல்கிறவள், ஒரே கூரைக்குக் கீழே மூன்று வருடம் கையை நீட்டி நீட்டிப் படித்தவளைத் திமிர் பிடித்தவள் என்றல்லவா எழுதி வைத்திருந்தாள்.

அன்று மதியமே கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாத்தனாரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கனமான வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்க, வந்தவள் பரீட்சை எழுதும் பிள்ளைபோல வியர்த்துக்கொண்டே பதில் சொன்னாள். இரண்டு பவரில் வந்து நின்றது. கையில் படிக்கும் அட்டையைக் கொடுத்தாள். நாத்தனார் பெரிய எழுத்தில் தொடங்கி, சின்னது, அதை விடச் சின்னது என்று இறங்கி, அட்டையின் அடியில் இருந்த அச்சக விலாசம் வரை வாசித்து முடித்துவிட்டு, "வேற அட்டை இருக்கா?" என்றாள்.

மாஸ்க் வேலை இரண்டு நாள் பிடித்தது. பிறைநிலா வடிவில் இரண்டு லென்ஸைத் தேய்த்து, கண்ணாடியின் உள்பக்கம் கீழ்ப்பாதியில் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். நேரே பார்த்தால் தூரம். கண்ணைத் தாழ்த்தினால் கிட்டம். முதல் தடவை ஒரு குமிழி விழுந்துவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினாள். பத்து வருடத்தில் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை வேறில்லை.

அடுத்த ஞாயிறு குவாரியில், நாத்தனார் நேராக வேனுக்குள் நுழைந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அது எப்போதும் செய்வதுதான். பழக்க தோஷத்தில் கால் பிரேக்கைத் தேடும். ஆனால் இந்த முறை உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஸ்டீயரிங்கில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிட்டாள். மாஸ்டர் வந்து தோளைத் தட்டினார், கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடியக்கா மீட்டரைக் கேட்டபோது, கண்ணைத் தாழ்த்தி ஒரே பார்வை பார்த்து, எழுபத்து மூன்று என்று எண்ணி எண்ணிக் காட்டினாள்.

மேலே வந்து குழாயைத் துப்பியதும் தொடங்கிவிட்டாள். "அண்ணி! ஸ்டீயரிங் மேல ஒரு நத்தை. மிளகு அளவுகூட இல்ல. அதுக்குக் கொம்பு இருக்கு!"

"எல்லா நத்தைக்கும் கொம்பு இருக்கும்."

"எனக்கு யாரும் சொல்லலியே! ஸ்பீடாமீட்டர் உள்ள குஞ்சு மீனு வேற. முள்ளுக்குப் பின்னால போயி ஒளியுது. எண்பதுல இருந்து அறுபதுக்கு வருது, திரும்ப எண்பதுக்குப் போகுது!" கரையேறும் வரை பேச்சு ஓயவில்லை. காலணியைக் கழற்றும்போது மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், யானையை ரத்து பண்ணுங்க. எறும்புக்கு மாத்துங்க."

மாஸ்டர் கண்ணாடியக்காவைப் பார்த்தார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மாஸ்க் செய்து கொடுத்ததற்குப் பதில் மரியாதையோ என்று தோன்றியது. காரில் ஏறியதும் கேட்டேவிட்டாள். "இங்க பாரு, எனக்காக ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம்."

"விட்டுக்குடுக்கிறதா? நானா?" நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. பொறந்ததுல இருந்து ஒரு தடவை விட்டுக்குடுத்திருக்கேனான்னு. நாப்பத்தொரு டைவ் போயி நான் என்ன பாத்தேன்? நீல கலரு பாத்தேன். இப்பதான் பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன். சுறா எங்கயும் ஓடிப்போகாது."

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். அந்த நீரோட்டத்தை நினைச்சா எனக்கு பயம்."

"அது எனக்கு அப்பவே தெரியும். தூரத்துல இருக்கிறதுதான் எனக்கு நல்லா தெரியுமே."

எறும்புப் படகுக்கு ஐம்பது டைவ் தேவையில்லை. இருந்தும் மிச்சமிருந்த ஐந்தையும் குவாரியிலேயே முடித்தார்கள். நாத்தனார் அந்த வேனை விடுவதாக இல்லை. மாஸ்டர் படகின் படுக்கைப் பதிவை மாற்றி எழுதும்போது, அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட வாத்தியார், "அப்படின்னா நானும் மேல உக்காந்திருக்கலாமே" என்றார். ஆக மூன்று படுக்கை.

தட்டுத் தண்ணீர் விரிகுடாவுக்குள் போன பிறகுதான். அதுவரையிலான ஆறு மணி நேரம் படகு ஆடிய ஆட்டத்தில், பயந்த வாத்தியார் குறட்டைவிட்டுத் தூங்கினார். கண்ணாடியக்காவுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. நாத்தனார் ஒரு கையால் அவள் நெற்றியையும் இன்னொரு கையால் வாளியையும் பிடித்துக்கொண்டு, "முன்னால தூரத்துல பாருங்க அண்ணி, கிட்ட பாக்காதீங்க" என்று பாடம் நடத்தினாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள் பறந்தது. காலையில் எழுந்தால் கால் வைக்கிற இடத்தில் கடல். ஈர உடுப்பைக் காயப்போட்ட கம்பிக்கு அடியில் குனிந்து போய்க் காப்பி குடிப்பது, குதிப்பது, ஏறுவது, சாப்பிடுவது, தூங்குவது, மறுபடி குதிப்பது. வாத்தியார் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாமல் மேல்தளத்தில் உட்கார்ந்து, குதித்த தலைகளையும் ஏறிய தலைகளையும் எண்ணிச் சரிபார்த்தார். மூன்றாம் நாளிலிருந்து படகுக்காரர்களே அவரிடம் வந்து கணக்குக் கேட்டார்கள்.

நான்காம் நாள் காலை, இருபது மீட்டரில், விசிறிபோல விரிந்த ஒரு சிவப்புப் பவளத்தின் முன்னால் வழிகாட்டி நின்று ஒரு குச்சியால் சுட்டிக்காட்டினார். கண்ணாடியக்கா உடனே பார்த்துவிட்டாள். அரிசி அளவு கடற்குதிரை. பவளத்தின் மொட்டைப் போலவே உடம்பெல்லாம் மொட்டு. வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அவள் விலகி நாத்தனாருக்கு இடம் விட்டாள். நாத்தனார் பார்த்தாள். தெரியவில்லை. கண்ணைத் தாழ்த்தினாள், தலையைச் சாய்த்தாள். தன் லென்ஸ் தோற்றுவிடுமோ என்று கண்ணாடியக்காவுக்கு இருந்தது.

சட்டென்று குமிழிகள் கிளம்பின. நாத்தனார் குழாயைக் கடித்துக்கொண்டே கத்துகிறாள். அண்ணியின் கையைப் பிடித்து இறுக்கிய இறுக்கில், நீச்சலுடைக்கு உள்ளேயும் நகம் பதிந்தது. பிறகு அந்தப் பவளத்தை விட்டு அசையவில்லை. காற்று ஐம்பதுக்கு வந்ததும் தானே மீட்டரைப் பார்த்து, தானே காற்று குறைந்துவிட்டது என்று முஷ்டியை மடக்கிக் காட்டிவிட்டு, மனசில்லாமல் மேலே வந்தாள்.

கடைசி நாள் மாலை மேல்தளத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். டைவ் முடிந்த ஒவ்வொரு முறையும் பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும் என்பது மாஸ்டர் பழக்கிய பழக்கம். நாத்தனார் கண்ணாடி போட்டுக்கொண்டு, அண்ணியின் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அரை மணி நேரமாகிவிட்டது. மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் படம் வேறு.

"அண்ணி, கடற்குதிரைக்கு நடுவுல 'ற்' வருமா, 'ல்' வருமா?"

"'ற்'தான். சீக்கிரம் எழுதிட்டு பேனாவைக் குடு. நானும் எழுதணும்" என்றாள் கண்ணாடியக்கா.